வெண்கலத்துக்கு ஒரே நிறம்

அப்டன் பார்க் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து வலப்பக்கம் திரும்பி நடந்தால் கிரீன் ஸ்ட்ரீட் நெடுக நம் ஊர்க் கடைவீதிதான். பட்டுப்புடவைக் கடை, கல்யாண நகைக்கடை, குயின்ஸ் மார்க்கெட்டில் குவித்து வைத்த வெண்டைக்காயும் பச்சை மிளகாயும். தெற்கே நடக்க நடக்க அந்தத் தெரு பார்கிங் ரோட்டில் போய் முட்டும். அந்த முக்கில் 2003 முதல் ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. 1966 உலகக் கோப்பையை உயர்த்திப் பிடித்திருக்கிறார் இங்கிலாந்து கேப்டன் பாபி மூர். ஜெஃப் ஹர்ஸ்டும் ரே வில்சனும் அவரைத் தோளில் சுமக்கிறார்கள், பக்கத்தில் மார்ட்டின் பீட்டர்ஸ். நால்வரில் வில்சனைத் தவிர மற்ற மூவரும் இந்தப் பேட்டை அணியான வெஸ்ட் ஹாம் யுனைடெட்டின் ஆட்டக்காரர்கள்.

அந்தச் சிலையில் மூரின் அடையாளம் ஒன்று மட்டும் இல்லை. அவரை நேரில் பார்த்தவர்கள் முதலில் பேசுவது அவருடைய பொன்னிற முடியைப் பற்றித்தான். வெண்கலத்தில் அது எப்படி வரும்? நான்கு பேரும் ஒரே கருமையில் நிற்கிறார்கள்.

அந்த முடி, நிமிர்ந்த நடை, கசங்காத உடை இவையெல்லாம் சேர்ந்துதான் மூர் என்ற பிம்பம். வெம்பிளியில் கோப்பை வாங்கப் படியேறியபோது ராணி எலிசபெத்தின் வெள்ளைக் கையுறையைப் பார்த்துவிட்டு, சேறு படிந்த தன் கையைத் துடைத்துக்கொண்டுதான் நீட்டினார். அந்த ஒரு நொடியை அந்த நாடு இன்னும் மறக்கவில்லை. மனைவி டீனாவோடு தொலைக்காட்சி விளம்பரத்தில் வந்து ஊர் மதுக்கூடங்களுக்கு ஆள் சேர்த்தார். பின்னாளில் பெலே, சில்வஸ்டர் ஸ்டாலோனோடு சினிமாவிலும் நடித்தார். 1964இல் விதைப்பை புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு அவர் ஆட்டத்துக்குத் திரும்பியது அன்றைய ரசிகர்களுக்குத் தெரியாது. அந்த உடம்புக்குள் நோய் இருந்திருக்கும் என்று யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். 1993இல், 51 வயதில், குடல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது.

மூர் வேகமாக ஓடுகிறவர் அல்ல. எம்பித் தலையால் முட்டுவதிலும் பேர் வாங்கியவர் அல்ல. பந்து எங்கே வரப்போகிறது என்பது எதிராளிக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். அந்த மூளைதான் அவர் ஆட்டத்தின் முதல். அதை எல்லோரும் தயங்காமல் ஒப்புக்கொண்டார்கள். பொன்முடிக்கு அடியில் மூளை இருக்கிறது என்று யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஓர் ஆட்டக்காரரின் தோற்றம் செய்கிற பெரிய காரியம் இதுதான் என்று தோன்றுகிறது. விளம்பரமும் காசும் பிறகு வருபவை. அவருடைய திறமையை மூளையின் கணக்கில் எழுதுவதா, உடம்பின் கணக்கில் எழுதுவதா என்று அது முதல் பார்வையிலேயே முடிவு செய்துவிடுகிறது.

வெஸ்ட் ஹாமின் அதே அப்டன் பார்க் மைதானத்தில், அதே கருஞ்சிவப்பும் நீலமும் கலந்த சட்டையில், மூருக்கு முன்னால் நின்று கோல் அடித்தவர் கிளைட் பெஸ்ட். பெர்முடா தீவுக்காரர். 1968இல் பதினேழு வயதில் லண்டன் வந்தார். 1969 ஆகஸ்ட் 25 அன்று ஆர்சனலுக்கு எதிராக அப்டன் பார்க்கில் முதல் ஆட்டம். உயரமும் அகலமுமான ஆள், கறுப்பு ஆள். வெளியூர் மைதானங்களில் குரங்குச் சத்தம் எழுப்பினார்கள், வாழைப்பழம் வீசினார்கள். தன் சொந்த மைதானத்திலும் அவர் வசவு கேட்டிருக்கிறார். ஒருநாள் கையெழுத்தில்லாக் கடிதம் வந்தது: அடுத்த முறை ஆட்டக்காரர்கள் வரும் சுரங்க வாசலைத் தாண்டி ஓடி வரும்போது முகத்தில் அமிலம் வீசப்படும்.

முகத்தில். காலை உடைப்போம் என்று எழுதவில்லை. பந்து உதைப்பவனின் பிழைப்பு காலில்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கடிதக்காரனின் கண்ணை உறுத்தியது முகம். பெஸ்ட் அந்த வாசல் வழியாக ஓடி வந்தார், ஆடினார். பல ஆண்டுகள் கழித்துத் தன் வரலாற்றை எழுதியபோது அந்த அமிலத்தையே புத்தகத்தின் தலைப்பில் வைத்தார்.

1970 ஜூன் 7, மெக்சிகோவின் குவாதலஹாரா. பிரேசில் ஒரு கோலில் இங்கிலாந்தை வென்றது. ஆட்டம் முடிந்ததும் மூரும் பெலேயும் சட்டையைக் கழற்றி மாற்றிக்கொண்டார்கள். வெற்று மார்போடு, ஒரு வெள்ளை உடம்பும் ஒரு கறுப்பு உடம்பும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிக்கும் அந்தப் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. விளையாட்டு நிறத்தை அழித்துவிட்டது என்பதற்குச் சான்றாக இன்றும் அதைக் காட்டுகிறார்கள். படம் உண்மை, அந்தச் சிரிப்பும் உண்மை. அதே மூரின் பக்கத்தில் வாரந்தோறும் ஆடிய பத்தொன்பது வயதுப் பையன் குரங்குச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தான் என்பதும் அதே காலத்து உண்மைதான். அதற்கு அப்படியொரு படம் இல்லை.

பெஸ்ட் லீக் ஆட்டங்களில் மட்டும் வெஸ்ட் ஹாமுக்காக 186 முறை களமிறங்கி 47 கோல் அடித்தார். 1972 ஏப்ரல் 1 அன்று டாட்டன்ஹாமுக்கு எதிராக அவரோடு கிளைவ் சார்லஸும் லாகோஸில் பிறந்த ஏட் கோக்கரும் இறங்கினார்கள். இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் ஒரே அணியில் மூன்று கறுப்பர்கள் ஆடியது அதுவே முதல் முறை. ஆட்டம் 2-0, ஒரு கோல் கோக்கருடையது. வந்தவர்களைத் தட்டிக் கழிக்க அன்று ஒரு வழக்கமான பேச்சு இருந்தது: கறுப்பர்களுக்குக் குளிர் தாங்காது, நெஞ்சுரம் போதாது. அப்படியே பாராட்டினாலும் எருது மாதிரி பலம் என்பார்கள். முதலாவது வசவு, இரண்டாவது வாழ்த்து. இரண்டும் மூளையை விட்டுவிட்டன.

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியவில்லை. 2020இல் ரன்ரிப்பீட் என்ற நிறுவனம் இங்கிலாந்தின் தொழில்முறை ஆட்டக்காரர் சங்கத்தோடு சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டது. நான்கு ஐரோப்பிய லீக்குகளின் 80 ஆட்டங்களில் வர்ணனையாளர்கள் பேசியதைக் கணக்கெடுத்தார்கள். புத்திசாலித்தனத்துக்கான பாராட்டில் 62.6 விழுக்காடு வெளிர் தோல் ஆட்டக்காரர்களுக்குப் போனது. உடல் பலத்தைப் பற்றிப் பேச வாய் திறந்தபோது கருந்தோல் ஆட்டக்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள். வர்ணனையாளர்கள் வெறுப்போடு பேசியவர்கள் அல்ல. நல்லெண்ணத்தோடு சொன்ன சொற்களே அப்படிப் பிரிந்து விழுந்தன.

நிறம் மட்டும்தானா? இதே அப்டன் பார்க்கில் வளர்ந்த பிள்ளை ஃபிராங்க் லாம்பார்ட். அப்பாவும் வெஸ்ட் ஹாம்காரர். 2001இல் செல்சிக்குப் போனதும் ஊர்க்காரர்களே அவரை 'தடியன் ஃபிராங்க்' என்று கூவத் தொடங்கினார்கள். அந்தத் 'தடியன்' அடித்த 211 கோல்களை செல்சியில் இன்றுவரை யாரும் தாண்டவில்லை. உருண்டையான உடல்வாகு ஒரு பட்டப்பெயருக்குப் போதுமாக இருந்தது.

வெள்ளைக்காரர்களை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடக் கூடாது. 'வெயிலில் ஆடி ஆடிக் கறுத்துப் போயிட்டியே' என்ற பேச்சு கேட்காத தமிழ் வீடு குறைவு. சென்னைக்காரர் அபினவ் முகுந்த் 2017இல் இலங்கையில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடப் போயிருந்தார். காலே டெஸ்டின் இரண்டாம் இன்னிங்ஸில் 81 ரன் எடுத்தார். சில நாள் கழித்து ஆகஸ்ட் 9 அன்று அவர் வெளியிட்ட அறிக்கையில் அந்த 81 பற்றி இல்லை. சிறு வயதிலிருந்தே தன் தோல் நிறத்தைப் பற்றி மற்றவர்களுக்கு இருக்கும் ஆர்வம் தனக்குப் புரியவில்லை என்றும், வெயிலில் நாள் முழுக்க ஆடிக் கறுத்ததற்குத் தான் ஒருபோதும் வருந்தியதில்லை என்றும் எழுதினார். அணித் தோழர்களைச் சொல்லவில்லை என்று பிறகு தெளிவுபடுத்த வேண்டியும் வந்தது. 2021இல் லட்சுமண் சிவராமகிருஷ்ணன் வாய் திறந்தார். 1984இல் பம்பாய் டெஸ்டில் இங்கிலாந்தின் 12 விக்கெட்டைச் சாய்த்தவர். வாழ்நாள் முழுக்க என் நிறத்துக்காகப் பாகுபாட்டுக்கு ஆளானேன், அதுவும் சொந்த நாட்டிலேயே என்றார். லெக் ஸ்பின் என்பது முழுக்க முழுக்க மூளை விளையாட்டு. அதை வீசியவரையும் தோலை வைத்துத்தான் பேசியிருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கத்தின் கதை இன்னொரு மாதிரி. ஆறடி பத்து அங்குலம். சின்ன வயதில் கேலிக்கு ஆளான அந்த உயரத்தோடு இலங்கை வலைப்பந்தாட்ட அணிக்கு வந்தார். 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கோப்பையில் மற்ற எல்லோரையும்விட அதிகமாக, 348 கோல் போட்டார். உயரம் இருக்கிறது, போடுகிறார் என்று சொல்லிவிடுவது எளிது. எதிரணி ஆள் முன்னால் கை விரித்து நிற்க, பந்து கைக்கு வந்த மூன்று விநாடிக்குள் எறிந்தாக வேண்டும். உயரம் பந்தைப் பிடித்துத் தரும், வளையத்துக்குள் போடாது. கேலி செய்தவர்களும் பிறகு வியந்தவர்களும் உயரத்தை மட்டுமே பார்த்திருந்தால், அந்த மணிக்கட்டுக்குப் பின்னாலிருக்கும் ஆண்டுக்கணக்கான உழைப்பை இரு தரப்புமே பார்க்கவில்லை.

அப்டன் பார்க் மைதானம் இப்போது இல்லை. 2016 மே 10 அன்று மான்செஸ்டர் யுனைடெட்டை 3-2 என்று வென்ற ஆட்டமே கடைசி. அணி ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் போய்விட்டது, மைதானம் இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் எழும்பிவிட்டன. அமிலக் கடிதத்தைப் பொய்யாக்கி பெஸ்ட் ஓடி வந்த வாசல் எது என்று காட்டவும் இடமில்லை.

அவர் முதன்முதலில் இங்கே வந்து சேர்ந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விமான நிலையத்தில் அழைத்துப்போக யாரும் வரவில்லை. அணியின் பெயரை நம்பி வெஸ்ட் ஹாம் ஸ்டேஷனில் இறங்கிவிட்டார். மைதானத்துக்கு அப்டன் பார்க்கில் இறங்க வேண்டும் என்பது ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். தெருவில் போன ஒருவர், பெட்டியும் கையுமாகத் திகைத்து நின்ற பையனைப் பார்த்து ஒரு வீட்டுக்கு வழி சொன்னார். கிளைவ் சார்லஸின் வீடு அது. வெஸ்ட் ஹாமுக்கு ஆடிய முதல் கறுப்பரான அண்ணன் ஜான் சார்லஸின் வீடும் அதுதான். அவர்களுடைய அம்மா ஜெஸ்ஸி, வெள்ளைக்காரப் பெண்மணி, கதவைத் திறந்து பையனை உள்ளே கூப்பிட்டார். அந்த வீட்டிலேயே அவர் தங்கினார்.