ஒரு பருப்புக்குள் இரண்டு வம்சம்



மல்லாட்டை என்னும் நிலக்கடலையைப் பற்றித் திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்து வாசகர்களுக்கு நாங்கள் சொல்லித்தர எதுவுமில்லை. பூ மேலே பூக்க, விழுது மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நீங்கள். இருந்தாலும் அந்தச் செடி எப்படிப் பிறந்தது என்ற கதையை நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த இதழின் அட்டைப்படக் கட்டுரை அதற்காகத்தான்.

கடலையின் காட்டு உறவுகளில் பெரும்பாலானவற்றுக்கு 20 குரோமோசோம்கள். நாம் விதைக்கும் கடலைக்கு 40. அராக்கிஸ் டுரானென்சிஸ், அராக்கிஸ் இபயென்சிஸ் என்ற இரண்டு தென் அமெரிக்கக் காட்டுச் செடிகள் கலந்து, குரோமோசோம்கள் இரட்டித்துப் பிறந்த பயிர் இது. இபயென்சிஸ் பொலிவியாவில் இபா என்ற ஊருக்குப் பக்கத்தில்தான் கிடைத்தது. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பு ஆதிக்குடிகள் இபயென்சிஸ் விதையை டுரானென்சிஸ் வளரும் நிலத்துக்குக் கையோடு கொண்டுபோனதால் இரண்டும் ஒரே இடத்தில் வளர்ந்தன, தேனீக்கள் மகரந்தம் சேர்த்தன என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. இந்த இரண்டு செடிகளின் மரபணுத் தொகுப்பும் 2016இல் வெளியானது. அதற்காக உழைத்த பன்னாட்டுக் குழுவில் ஹைதராபாத்தை அடுத்த பட்டன்செருவில் இருக்கும் இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிறுவனமும் உண்டு.

பூர்வீகம் தெரிந்து விவசாயிக்கு என்ன லாபம்? ஒன்று சொல்கிறேன். கடலையில் உள்ள ஒலியிக் அமிலத்தை வேறொரு கொழுப்பு அமிலமாக மாற்றும் மரபணு, இரண்டு வம்சத்திலிருந்தும் ஒவ்வொன்றாக வந்திருக்கிறது. ஒன்றை மட்டும் செயலிழக்க வைத்தால் போதாது, மற்றது வேலையைத் தொடரும். இரண்டும் ஓய்ந்தால்தான் ஒலியிக் அமிலம் 80 சதவீதத்தை எட்டும். பருப்பும் எண்ணெயும் சீக்கிரம் காறிப்போகாது. இக்ரிசாட்டும் ஜூனாகத் நிலக்கடலை ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து உருவாக்கி, 2020இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட கிர்னார் 4, கிர்னார் 5 ரகங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை.

இந்தப் பிறப்பில் ஒரு குறையும் உண்டு. குரோமோசோம் இரட்டித்ததுமே காட்டு உறவுகளோடு கலக்கும் வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. அதனால் டிக்கா இலைப்புள்ளியும் துரு நோயும் வந்தால் எதிர்த்து நிற்கும் குணம் கடலைக்குள் குறைவு. அந்தக் குணம் அராக்கிஸ் கார்டெனசி என்ற பொலிவியக் காட்டுச் செடியில் இருந்தது. அமெரிக்க விஞ்ஞானிகள் பாடுபட்டு அதைக் கடலையோடு கலந்தார்கள். இக்ரிசாட் வழியாக அந்த விதைகள் பல நாடுகளுக்குப் போயின. தார்வாடில் உருவான ஜி.பி.பி.டி. 4 கடலை ரகத்துக்கு நோயைத் தாங்கும் வலு வந்தது அந்தக் காட்டு உறவிலிருந்துதான். எந்த நாடும் தனியாக இதைச் சாதித்திருக்க முடியாது. விதையைக் கொடுத்தவர்களும் பத்திரமாக வைத்தவர்களும் இருந்ததால் நடந்தது. பட்டன்செரு விதை வங்கியில் இன்று சுமார் 15,000 கடலை விதை மாதிரிகள் இருக்கின்றன.

விதை வங்கி மட்டும் போதாது, நம் ஊர்களிலும் பழைய ரகங்கள் நிலைக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான எண்ணம். உங்கள் வீட்டில் தலைமுறையாக விதைத்துவரும் கடலை இருந்தால் எழுதுங்கள். கொடிக் கடலையா, கொத்துக் கடலையா, எத்தனை நாள் பயிர், வறட்சி தாங்குமா, எந்த நோய்க்கு அசையாது என்பதையெல்லாம் சேர்த்து எழுதுங்கள். வரும் இதழ்களில் உங்கள் பெயரோடு வெளியிடுகிறோம். விதை கேட்டு வருபவர்களையும் உங்களோடு சேர்த்துவைக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்