கோல் போடாதவர்

மட்டாஞ்சேரியின் குறுகலான சந்துகளில் பந்து விளையாடப் பையன்கள் அணி பிரிக்கும்போது எல்லோருக்கும் முன்னால் நிற்கத்தான் ஆசை. 'நான் பேக்' என்று முந்திக்கொண்டு கை தூக்குபவன் அநேகமாக இருக்கமாட்டான். மிஞ்சியவன்தான் பின்னால் போவான். உலகம் முழுவதும் இதே கதைதான். அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடப்படும் முட்டை வடிவப் பந்தாட்டத்தில், எதிரிகளை மறித்துப் பந்து எறிபவரைக் காப்பதற்கென்றே ஐந்து பேர் உண்டு. பந்தோடு ஓடும் வாய்ப்பு அவர்களுக்கு ஏறக்குறையக் கிடையாது. கைதட்டல் முழுவதும் காப்பாற்றப்பட்டவருக்கே போய்ச் சேரும்.

கொச்சிக்கும் அப்படி ஒருவர் இருந்தார். பெயர் ஓ. சந்திரசேகரன். இரிஞ்ஞாலக்குடாக்காரர். மட்டாஞ்சேரிக்கு எதிர்க்கரையில், எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் படித்து, கல்லூரிக் கால்பந்து வழியாக மேலே வந்தவர். ஆடியது பின்வரிசையில். அந்தக் காலத்தில் நன்றாகப் பந்தாடும் இளைஞனுக்கு வேலை தர நிறுவனங்கள் காத்திருந்தன. பம்பாயின் கால்டெக்ஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய இந்திய அணியிலும் அவர் இடம்பெற்றார். அதற்குப் பிறகு இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக் மைதானத்தை மிதித்ததில்லை.

பின்வரிசைக்காரர்களின் அருமையைப் புரிந்துகொள்ள 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் இந்தியா 0-2 என்று தோற்றது. இறுதி ஆட்டத்தில் மறுபடியும் அதே கொரியா. அரங்கில் திரண்டிருந்த கூட்டம் முழுவதும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. தடுப்பாட்டத்தின் தூணான ஜர்னைல் சிங்குக்கோ தலையில் காயம், தையல். பயிற்சியாளர் ரஹீம் அவரை முன்வரிசைக்கு மாற்றினார். கணக்கு பலித்தது. பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் ஒரு கோல். இருபது நிமிடத்துக்குள் 2-0.

மீதி எழுபது நிமிடத்தை யார் காப்பது? தூண் போன பின்வரிசைதான். அந்த அணியின் தடுப்பாட்டக்காரர்களில் ஒருவர் சந்திரசேகரன். அவர்களுக்குப் பின்னால், கோல் கம்பத்துக்கு முன் பீட்டர் தங்கராஜ். ஆட்டம் முடியும் தறுவாயில்தான் கொரியாவால் ஒரு கோல் போட முடிந்தது. 2-1, தங்கம் இந்தியாவுக்கு. கோல் போட்ட இருவரின் பெயர் எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. விழாமல் போன கோல்களுக்குப் புத்தகம் கிடையாது.

சந்திரசேகரன் 1963இல் மகாராஷ்டிர அணிக்குத் தலைமையேற்று சந்தோஷ் கோப்பையை வென்று தந்தார். 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் பெற்ற இந்திய அணியிலும் இருந்தார். பிறகு ஸ்டேட் வங்கி. தங்கம் வென்ற அணியிலிருந்து பலருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. ஜர்னைல், அருண் கோஷ் போன்ற தடுப்பாட்டக்காரர்களுக்கும் கிடைத்தது. அந்தப் பட்டியலில் சந்திரசேகரன் பெயர் இல்லை. 2021 ஆகஸ்ட் 24 அன்று கொச்சியில் அவர் காலமானார். ரஹீமின் கதையைச் சொல்லும் 'மைதான்' இந்திப் படம் திரைக்கு வந்தது 2024இல்தான்.

இதே எர்ணாகுளத்தில், மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில், 1973 டிசம்பரில் ரயில்வே அணியை 3-2 என்று வென்று கேரளம் முதன்முறையாக சந்தோஷ் கோப்பையைப் பெற்றது. மூன்று கோலும் கேப்டன் மணி போட்டவை. ஊரே அவரைக் கொண்டாடியது, நியாயம்தான். ஆனால் மூன்றாக விடாமல் ரயில்வேயை இரண்டோடு நிறுத்தியவர்கள் யார் என்று கேட்டால் எத்தனை பேர் சட்டென்று சொல்வார்கள்?

தொழில்முறை லீக்குகளில் இன்று ஒவ்வொரு தடுப்பையும் கணினி எண்ணி வைக்கிறது. கல்லூரி ஆட்டங்களில் இன்னும் பெரும்பாலும் கோல் போட்டவன் பெயர்தான் ஏறுகிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் இடமோ வேலையோ கேட்டுப் போகும் பின்வரிசைப் பையனிடம் காட்டுவதற்குக் காகிதம் இல்லை. தடுத்த பந்துக்கும் ஒரு நோட்டில் ஒரு வரி எழுதப் பெரிய செலவாகாது. எழுதினால், மட்டாஞ்சேரிச் சந்தில் ஒரு பையனாவது 'நான் பேக்' என்று தானாகக் கை தூக்குவான்.