தேகாப்பியாசமும் சங்கீதமும்

ஓடும்போதும், தண்டால் பஸ்கி எடுக்கும்போதும் காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பதால் தேகத்திற்கு ஏதாவது நன்மையுண்டா என்று வாலிபத் தோழர்கள் கேட்கின்றார்கள். மற்றொரு பக்கம், சங்கீதம் தெய்வீகமானதென்றும், இன்ன இராகம் இன்ன வியாதியைத் தீர்க்குமென்றும், பக்திப் பாட்டைக் கேட்டு நடந்தால்தான் நடந்த பலன் கிட்டுமென்றும் சொல்லுகின்றவர்களும் இருக்கின்றார்கள். ஆகவே இதைப்பற்றி நமது அபிப்பிராயத்தை எழுதவேண்டியதாயிற்று.

பாட்டினால் பிரயோசனம் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. அமெரிக்காவில் ஆறு நாள் சைக்கிள் பந்தயமொன்றை ஏர்ஸ் என்பவர் கடிகாரத்தை வைத்துக் கவனித்து 1911-ல் எழுதினார். பேண்டு வாசிக்கும்போது பந்தயக்காரர்கள் சராசரி மணிக்கு 19.6 மைல் வேகத்திலும், வாசிக்காதபோது 17.9 மைல் வேகத்திலும் போனார்களாம். 1998-ல் எத்தியோப்பிய தேசத்து ஓட்டக்காரர் கெப்ரசெலாசி பர்மிங்ஹாமில் உள்ளரங்கு 2000 மீட்டர் ஓட்டத்தில் உலக சாதனை செய்தபோது ஒலிபெருக்கியில் போட்டது ‘ஸ்காட்மேன்’ என்ற நடனப் பாட்டு. அதைப் பாடியவர் ஒரு திக்குவாயர். அந்தப் பாட்டில் எந்தத் தெய்வம் இருந்ததென்று இராகப் பண்டிதர்கள்தான் சொல்லவேண்டும்.

காரணம் வேறு. கால் வலிக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று தேகம் அனுப்பும் செய்தியும், காதில் விழும் பாட்டும் ஒரே மூளையின் கவனத்திற்குப் போட்டி போடுகின்றன. பாட்டு கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் களைப்புக் குறைவாகத் தோன்றுகிறது. தாளத்தோடு கால் சேர்ந்துகொண்டால் வீண் அசைவும் குறைகிறது. தாளத்திற்குச் சரியாய்ச் சைக்கிள் மிதித்தவர்களுக்கு, தாளம் தப்பி மெதுவான பாட்டோடு மிதித்ததைவிட 7 சதவிகிதம் குறைவான பிராணவாயுவே போதுமாயிருந்தது என்று 2012-ல் வெளியான ஒரு பரிசோதனை கூறுகிறது. 2020-ல் 139 ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்களும் உற்சாகம், வேகம், களைப்பு ஆகியவற்றில் சிறிதளவு நன்மை உண்டென்றே சொன்னார்கள். இருதயத் துடிப்பில் குறிப்பிடத்தக்க மாறுதல் காணவில்லை. உயிரைவிட்டு ஓடுகிறபோதோ பாட்டின் சாமர்த்தியம் செல்லாது. தேகத்தின் கூச்சல் பாட்டை அமுக்கிவிடும்.

இதையெல்லாம் முதலில் கண்டுபிடித்தவர் யார்? ஏற்றம் இறைத்தவனும், நாற்று நட்டவளும், சுண்ணாம்பு இடித்தவர்களுமல்லவா? ஏற்றக்காரன் பாட்டிலேயே சாலை எண்ணிக்கொண்டான். எண்ணிக்கையும் தவறவில்லை, முதுகுவலியும் பாதி மறந்தது. ஆனால் கச்சேரி மேடைக்காரர்கள் இவர்கள் பாடினதைச் சங்கீதமென்று ஒப்பினதுண்டா? பாடுபடுகிறவன் பாடினால் அது வெறும் கூச்சல், உட்கார்ந்துகொண்டு பாடினால் தெய்வீகம் என்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்கின்றோம்.

எங்கள் வார்த்தையையும் நம்பவேண்டாம். ஒரே பாதையில் ஒரே தூரத்தை நான்கு நாள் பாட்டோடும், நான்கு நாள் பாட்டில்லாமலும் ஓடி, நேரத்தைக் குறித்துப் பாருங்கள். இராகத்தை மாற்றியும் பாருங்கள். அநேகமாக 1 நிமிஷத்துக்கு 125 முதல் 140 தட்டுள்ள, உங்களுக்குப் பிடித்த எந்தப் பாட்டும் வேலை செய்யும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. களைப்புத் தெரியாமற்போவது எப்போதும் நன்மையல்ல. நெஞ்சுவலியுள்ளவர் அதை மறக்கப் பாட்டைத் தேடுவது தற்கொலைக்குச் சமானம். காதுக்குள் சத்தத்தைக் கூட்டிவைப்பதும் கெடுதி. 80 டெசிபல் சத்தத்தை வாரத்திற்கு 40 மணிநேரம் கேட்கலாம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. 3 டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாய்க் குறையவேண்டும். இரும்புத் தகடுகள் மோதும் தேகப் பயிற்சிக் கூடத்தில் அந்த இரைச்சலை அமுக்க இன்னும் கூட்டுகின்றார்கள். போன செவி திரும்பி வராது. இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு லாரி போகும் ரோட்டிலும், ரயில் தண்டவாளத்தின் ஓரத்திலும் ஓடுகிறவர்களையும் பார்க்கின்றோம். ரோட்டில் ஓடுகிறவர்கள் கருவியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, வாய்விட்டுப் பாடிக்கொண்டே ஓடட்டும். மூச்சு எவ்வளவு மிச்சமிருக்கிறதென்பதும் தெரிந்துபோகும்.