வறண்ட ஃப்ளாப்பில் ரீரெய்ஸ் எதற்கு?

போக்கர் மேசைகளில் ஒரு பாடம் ஓயாமல் ஒப்பிக்கப்படுகிறது. முன் இருக்கையிலிருந்து ரெய்ஸ் செய்தவரின் பந்தயத்தை வறண்ட ஃப்ளாப்பில் யாராவது உயர்த்தினால், அவர் தயங்காமல் ரீரெய்ஸ் செய்ய வேண்டுமாம். இதற்குச் சொல்லப்படும் நான்கு காரணங்களும் கணக்குப் போட்டுப் பார்த்தால் நிற்பதில்லை.

நோ லிமிட் டெக்சஸ் ஹோல்டெம் ஆட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு 100 பிக் பிளைண்ட். முன் இருக்கைக்காரர் ஏஸ் ஜோடியுடன் 3-க்கு ரெய்ஸ் செய்கிறார். பட்டனில் இருப்பவர் மட்டும் கால் செய்கிறார். பாட் 7.5. ஃப்ளாப்பில் கிங், 7, 2. மூன்றும் வெவ்வேறு இனம். முன் இருக்கைக்காரர் 2.5 கட்ட, பட்டன் 8-க்கு உயர்த்துகிறார். பாட் இப்போது 18.

முதல் காரணம்: ‘கையைக் காக்க வேண்டும்.’ யாரிடமிருந்து? இந்த ஃப்ளாப்பில் ஃப்ளஷ் டிராவும் இல்லை, ஸ்ட்ரெயிட் டிராவும் இல்லை. 9 ஜோடி வைத்திருப்பவருக்கு உதவ இரண்டே சீட்டுகள். ரிவர் வரை அவருக்குள்ள வாய்ப்பு சுமார் 9 சதவீதம். கிங்-குயினுக்கு ஐந்து சீட்டுகள், சுமார் 21 சதவீதம். ரீரெய்ஸுக்குப் பயந்து ஓடுபவை நம்மிடம் தோற்றுக்கொண்டிருக்கும் கைகள். ஓடாமல் நிற்பது 7 அல்லது 2 செட். அதனிடம் சிக்கினால் அந்த 9 சதவீதம்தான் நம் பங்கு.

இரண்டாவது: ‘ப்ளஃப் செய்பவனைத் தண்டிக்க வேண்டும்.’ ரீரெய்ஸ் செய்தால் அவன் ஃபோல்ட் செய்துவிடுவான். இழப்பது ஏற்கெனவே போட்ட 8 மட்டுமே. இன்னும் 5.5 கொடுத்துக் கால் செய்தால், டர்னிலும் ரிவரிலும் அவன் மீண்டும் பொய் சொல்ல வழி திறந்திருக்கும். பாட் 23.5, கையிருப்பு 89. பாட் அளவில் இரண்டு பந்தயம் வந்தாலே கையிருப்பு முழுதும் உள்ளே போய்விடும். லாபம் கைநழுவும் என்ற பயம் வேண்டியதில்லை.

மூன்றாவது: ‘முன் இருக்கைக்கு மதிப்பு உண்டு, வெறுங்கையோடு ரீரெய்ஸ் செய்தாலும் நம்புவார்கள்.’ 20-க்கு ரீரெய்ஸ் செய்ய இன்னும் 17.5 போட வேண்டும், கிடைக்கக்கூடியது 18. ஏறக்குறைய பாதித் தடவையாவது எதிராளி ஓடினால்தான் முதலுக்கு மோசமில்லை. அந்த மதிப்பு தெரிந்தேதான் பட்டன் உயர்த்தியிருக்கிறார். 1976, 1977 போக்கர் உலகத் தொடர் சாம்பியன் டாயில் பிரன்சன் ‘சூப்பர் சிஸ்டம்’ நூலில் ஆவேச ஆட்டத்தைப் போதித்தார் என்பது உண்மை. ஆனால் அந்த ஆவேசத்துக்கு, கால் வந்தாலும் கை முன்னேற வழியிருக்கும் டிராக்கள் துணையாக இருந்தன. வறண்ட ஃப்ளாப்பில் அந்தத் துணை கிடையாது.

நான்காவது: ‘முதலில் பேச வேண்டியவர் சிக்கலை இங்கேயே முடித்துவிட வேண்டும்.’ எதிராளி கால் செய்தால் எதுவும் முடிவதில்லை. பாட் 47.5 ஆகிறது, கையிருப்பு 77. இன்னும் இரண்டு சுற்றுகள் முதலில் பேசியாக வேண்டும். இடத்தால் வரும் பாதகம் பாட்டோடு சேர்ந்து வளர்கிறது. பாட் சிறியதாக இருக்கும்போது அதைத் தாங்குவதே எளிது.

ரீரெய்ஸுக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கையிருப்பு குறைவாக இருக்கும்போதும், கிங் ஜோடி கிடைத்தால் எதற்கும் விடாத ஆள் எதிரே இருக்கும்போதும் தாராளமாகச் செய்யலாம். டிராக்கள் மலிந்த ஃப்ளாப்பில் காப்பு என்ற வாதத்துக்கும் உயிர் உண்டு. இவற்றை விதியாக்கி எல்லா ஃப்ளாப்புக்கும் பொருத்துவதுதான் பிழை.

அடுத்த முறை ரீரெய்ஸ் செய்யக் கை நீளும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: என்னைவிடத் தாழ்ந்த எந்தக் கை இதற்குக் கால் செய்யும்? பதில் கிடைக்காவிட்டால் கால் செய்யுங்கள்.