வளையல் அடுக்கிய பிறகு



போன மாதம் அண்ணன் மகளின் வளைகாப்பு. சந்தனம், கை நிறைய வளையல், கலந்த சாதங்கள் என எதிலும் குறையில்லை. கூட்டம் கலைந்ததும் மெதுவாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அத்தை, வலி வந்தா நான் என்ன பண்ணணும்?"

அதுவரை அவள் காதில் விழுந்ததெல்லாம் கதைகள். ஒருத்திக்கு இரண்டு நாள் வலியாம், இன்னொருத்தி பிள்ளைக்குக் கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம். பயமுறுத்த ஆளுக்கொரு கதை இருக்கிறது நம்மிடம். என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

கிராண்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்தப் பயத்தைப் பற்றி 1933-இலேயே புத்தகம் எழுதிவிட்டார். பயந்தால் உடம்பு இறுகும், இறுகினால் வலி கூடும், வலி கூடினால் பயமும் கூடும். அதனால் நடக்கப்போவதைக் கர்ப்பிணிக்கு முன்பே சொல்லுங்கள், உடம்பைத் தளர்த்தப் பழக்குங்கள் என்றார். பிரான்ஸின் ஃபெர்னான் லமாஸ், 1951-இல் சோவியத் நாட்டில் பார்த்துவந்ததை வைத்து மூச்சுப் பயிற்சி கற்றுத் தந்தார். பயம் போனால் வலியே தெரியாது என்று சொல்கிறவர்களும் உண்டு. இரண்டு பெற்றவள் நான். அதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அவளிடம் சொன்னது இதுதான். வலி விட்டு விட்டுத்தான் வரும். ஏறி இறங்க ஏறக்குறைய ஒரு நிமிடம். ஏறும்போது மூச்சைப் பிடிக்காதே. மூக்கால் இழுத்து, சூடான காபியை ஊதுகிற மாதிரி வாயால் மெல்ல விடு. வலி விட்டதும் தோளையும் தாடையையும் தளர்த்து. தினமும் படுக்கும் முன் பத்து நிமிடம் பழகு. உன் வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லட்டும், இடுப்பை நீவிவிடவும் கற்றுக்கொள்ளட்டும். டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை நட.

தலைச்சனுக்கு நேரம் பிடிக்கும். கருப்பை வாய் 10 செ.மீ. திறக்க வேண்டும், 5 செ.மீ. ஆன பிறகும் 12 மணி நேரம் வரை போகலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல். சூட்டு வலியா, பிரசவ வலியா என்று பார்க்க உன் அம்மா சீரகக் கஷாயம் வைத்துத் தந்தால் குடி. ஆனால் பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ கஷாயத்துக்கெல்லாம் நேரமில்லை, நேரே ஆஸ்பத்திரிதான்.

சிசேரியனைப் பற்றியும் பேசினோம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் ஏறக்குறைய 45 அப்படித்தான். தேவையில்லாமல் செய்யப்படுபவை பற்றி எனக்குக் கோபம் உண்டு. அதை இன்னொரு இதழில் வைத்துக்கொள்கிறேன். ஆனால் தேவைப்பட்டுச் செய்துகொண்டவளிடம் போய், "மூச்சுப் பயிற்சியெல்லாம் வீணாப் போச்சா?" என்று கேட்காதீர்கள். தியேட்டருக்குள் போகும்போதும் அந்த மூச்சுதான் துணை.

நம் அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை விடுகிறார்கள். தனியாரிடத்தில் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். போகிறவர், பயக் கதைகளை வாசலிலேயே விட்டுவிட்டுப் போகட்டும். என் மருமகள் என்னைத்தான் வரச் சொல்லியிருக்கிறாள்; நானும் இப்போது தினமும் ஊதிப் பழகுகிறேன்.

உங்கள் பிரசவத்தின்போது கூட இருந்தது யார்? அவர் சொன்ன எந்த வார்த்தை உதவியது? எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்