கண்ணு பூத்துப் போகுது

வாரத்தில் மூன்று நாள் தாத்தாவை இரத்தச் சுத்திகரிப்பு மையத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும். பல்கலைக்கழக விடுமுறையில் அது என் பொறுப்பு. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நம் நாட்டில் பெரும்பாலோருக்கு நேர்வதுபோல் நீரிழிவுதான் அவருடைய சிறுநீரகங்களையும் கெடுத்தது.

உயிர்மருத்துவ அறிவியல் படிக்கும் நான், நான்கு மணி நேரமும் அந்த இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். எத்தனை மில்லிலிட்டர் நீரை எடுத்திருக்கிறது என்று துல்லியமாகக் காட்டுகிறது. எவ்வளவு எடுக்கலாம் என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

கிலோவுக்கு ஏறக்குறைய 70 மில்லிலிட்டர் இரத்தம் என்பது பாடநூல் கணக்கு. அதன்படி 60 கிலோ எடையுள்ள தாத்தாவுக்கு 4.2 லிட்டர். உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிட, 1962இல் நேட்லர் குழுவினர் வெளியிட்ட சூத்திரமும் உண்டு. ஆனால் இவை நலமானவர்களுக்கான கணக்குகள். சிறுநீர் பிரியாத உடலில், தராசு காட்டும் எடையில் சதை எவ்வளவு, தேங்கிய நீர் எவ்வளவு? சில இயந்திரங்கள் குழாயில் ஓடும் இரத்தத்தில் ஒளியைச் செலுத்தி, அது கெட்டியாவதை அளக்கின்றன. தொடக்கத்தைவிட எத்தனை விழுக்காடு குறைந்தது என்று அவை சொல்லும். தொடக்கத்தில் எத்தனை லிட்டர் இருந்தது என்று சொல்லா.

நீரை இரத்தத்திலிருந்துதான் எடுக்கிறார்கள். அந்த இடத்தை நிரப்பத் திசுக்களிலிருந்து நீர் ஊறி வரவேண்டும். கிணற்றைப் போலத்தான், ஊறுவதைவிட வேகமாக இறைத்தால் இரத்த அழுத்தம் விழுந்துவிடும்.

சென்ற ஆண்டு தீபாவளிக்கு மறுவாரம் அதுதான் நடந்தது. மூன்று கிலோ கூடியிருந்தார். (முறுக்குத் தட்டை நீட்டியவர்கள் நாங்கள்தான்.) நான் தேநீர் குடிக்கப் போயிருந்த நேரத்தில், "கண்ணு பூத்துப் போகுது" என்றாராம். தாதிக்குத் தமிழ் தெரியாது. "பெனிங்?" என்று கேட்டிருக்கிறார். தலை சுற்றவில்லை என்பதால் தாத்தாவும் "தாக்" என்றிருக்கிறார். நான் திரும்பியபோது அவருடைய கால்களை உயர்த்தி வைத்து, உப்புநீர் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

தாதியை நான் குறைகூற மாட்டேன். தாத்தாவின் மலாய், சந்தைக்குப் போதுமானது, அவ்வளவுதான். என் கருத்து இதுதான்: சூத்திரமும் இயந்திரமும் விட்டுவைக்கும் மீதிக் கணக்கு நோயாளியின் வாயிலிருந்துதான் வரவேண்டும். கால் பிடித்திழுக்கிறது, கண் பூக்கிறது என்றால் நீரை அதிகமாகவோ வேகமாகவோ எடுத்திருக்கலாம். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் இன்னும் மிச்சமிருக்கலாம். அந்த வாய் தமிழ் பேசுகிறது என்பதற்காக அதை விட்டுவிடலாமா?

என்னையும் சேர்த்தே சொல்கிறேன். ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்த நான், அதன்பின் அறிவியலைத் தமிழில் பேசியதே இல்லை. 'உலர் எடை' என்று ஒருநாள் தாத்தாவுக்கு விளக்கப்போனேன். "நான் என்ன கருவாடாடா?" என்றார்.

பட்டிமன்றத்திற்கும் கலை இரவுக்கும் வாரக்கணக்கில் உழைக்கும் நம் தமிழ்மொழிக் கழகம், ஒரு சனிக்கிழமையை இதற்குத் தரலாம். நம் பெரியவர்கள் சொல்லும் சொற்கள் ஒருபுறம், அவற்றின் மலாய்ப் பொருள் மறுபுறம் என்று ஓர் அட்டை போதும். நான் பதினொரு வரி எழுதித் தாத்தாவின் நாற்காலியில் கட்டியிருக்கிறேன். உங்கள் ஊரில் வேறு சொற்கள் வழங்கினால் கழக அறையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.