பணியே அழைப்பிதழ்

நுழையும்முன்

வேற்றுமொழி வழங்கும் ஊரில் வாழ்வோர் தம் மொழிக்கெனச் சங்கம் அமைப்பது இயல்பு. அச்சங்கத்தைப் பலரும் அறிந்து வந்து சேரச் செய்வது எவ்வாறு? மின்னஞ்சல் அனுப்புவதும் இணையதளம் அமைப்பதும் மட்டும் போதுமா? இவ்வினாவுக்கு விடை காண முயல்கிறது இக்கட்டுரை.

சிதறி வாழும் குடும்பங்கள்

சிகந்தராபாத் 1806ஆம் ஆண்டில் நிசாம் சிக்கந்தர் ஜாவின் பெயரைப் பெற்றது. அங்கிருந்த ஆங்கிலேயர் படைவீட்டைச் சார்ந்து, சென்னை மாகாணத்திலிருந்து தமிழர் பலர் வந்து குடியேறினர். 1862இல் சோமசுந்தரம் முதலியார் அங்கு நிறுவிய பள்ளியே பின்னர் மகபூப் கல்லூரி எனப் பெயர் பெற்றது. 1893இல் விவேகானந்தர் அமெரிக்கா செல்லுமுன் உரையாற்றிய இடமும் அதுவே. ஆகவே, வந்த ஊரில் கூடி நின்று ஒன்றை உருவாக்குவது இந்நகரத் தமிழர்க்குப் புதிதன்று.

இன்றோ நகரம் பரந்து விரிந்துவிட்டது. தொடர்வண்டித் துறையிலும் ஆய்வகங்களிலும் மென்பொருள் நிறுவனங்களிலும் பணிபுரியும் தமிழ்க் குடும்பங்கள் மியாப்பூர் முதல் மல்காஜ்கிரி வரை சிதறி வாழ்கின்றன. வீடு வீடாகச் சென்று அழைப்பது அரிது. எனவே சங்கங்கள் மின்னஞ்சலையும் இணையதளத்தையும் நாடுகின்றன. இவ்விரண்டும் நல்ல கருவிகளே. ஆயினும் அவற்றால் அனுப்பப்படும் அழைப்புகளுள் பெரும்பாலானவை ‘அனைவரும் வருக’ என்பதோடு நின்றுவிடுகின்றன. வந்தவர் என்ன செய்ய வேண்டும் என்பதை அவை கூறுவதில்லை. குறை கருவியில் இல்லை, அழைப்பில் உள்ளது.

மதுரைத் திட்டம் காட்டும் வழி

1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கப்பெற்றது. தமிழ் இலக்கியங்களை மின்னூல்களாக்கி, உலகெங்கும் உள்ளோர்க்கு இலவசமாக வழங்குவதே அதன் நோக்கம். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக விளங்கிய முனைவர் கு. கல்யாணசுந்தரம் அதனை முன்னின்று நடத்தினார். தமிழ்ச் சங்கம் வளர்த்த மதுரையின் பெயரே அதற்குச் சூட்டப்பெற்றது.

அத்திட்டத்தில் பங்கேற்ற தன்னார்வலர்கள் பல நாடுகளில் வாழ்ந்தவர்கள். ஒருவரையொருவர் நேரில் கண்டிராத பலரையும் மின்னஞ்சல் இணைத்தது. ஒருவர் நூலைத் தட்டச்சு செய்தார். மற்றொருவர் மெய்ப்புப் பார்த்தார். பிறகு நூல் இணையதளத்தில் ஏற்றப்பட்டது. அக்காலத்தில் ஒரு கணினியில் எழுதிய தமிழ், அதே எழுத்துரு இல்லாத வேறொரு கணினியில் படிக்க இயலாத குறிகளாகத் தோன்றும். அவ்விடர்ப்பாட்டுக்கிடையிலும் பணி தொடர்ந்தது. நூல் வரிசையில் முதல் எண்ணைப் பெற்றது திருக்குறள். இன்று நூற்றுக்கணக்கான நூல்கள் அங்கே உள்ளன.

இங்குக் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. மின்னூல்கள் பலவற்றின் முகப்பில் அவற்றைத் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் ஆகியோரின் பெயர்கள் இடம்பெறுகின்றன. நூலை யாரும் பிறர்க்கு வழங்கலாம். ஆனால் அம்முகப்புப் பக்கத்தை நீக்கலாகாது. ஆதலின், நூல் செல்லும் இடமெல்லாம் திட்டத்தின் பெயரும் உழைத்தவர் பெயரும் உடன்செல்கின்றன. படிப்பவர் உள்ளத்தில், ‘இப்பணியை நாமும் செய்யலாமே’ என்னும் எண்ணம் எழுகின்றது. அத்திட்டத்துக்கு அதன் பணியே அழைப்பிதழாயிற்று.

கடிதக் காலத்திலும் இதுவே

இவ்வுண்மை கணினியோடு பிறந்ததன்று. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், ஏட்டுச் சுவடிகளைத் தேடி நேரிலும் கடிதங்கள் வாயிலாகவும் பலரை அணுகினார். ‘தமிழை வளர்க்க வாருங்கள்’ என்று பொதுப்படக் கூறியதோடு அவர் நின்றுவிடவில்லை. சுவடி உடையவரிடம் சுவடியைக் கேட்டார்; பொருள் உடையவரிடம் நூலுக்கு முன்கூட்டியே கையொப்பமிட்டு உதவுமாறு வேண்டினார். உதவியோரைத் தம் முகவுரைகளில் நன்றியுடன் குறிப்பிட்டார். அவரவரால் இயன்றதைக் கேட்டதனாலேயே அவரவரும் உதவ முடிந்தது.

ஐயமும் விடையும்

‘சங்கம் வளர விழாவும் கூட்டமும் வேண்டாவா?’ எனச் சிலர் வினவலாம். வேண்டும். பொங்கல் விழாவில் கூடும் மகிழ்ச்சி சிறிதன்று. ஆயின் விழாவுக்கு வந்தோர் அன்று மாலையே கலைந்துவிடுவர். பணியை ஏற்றவரோ மறுநாளும் வருவார். எனவே விழாவுக்கு அழைக்கும் மடலும் ஒரு பணியைக் கையில் தருதல் நலம்.

ஐதராபாத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். பள்ளியிலோ தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும் படிக்கின்றனர். தமிழில் மட்டும் எழுதிய அழைப்பைப் பெற்றோர் படித்துச் சொன்னாலன்றி அவர்கள் அறியார். அவர்களைப் பார்வையாளராக அமரவைப்பது முறையன்று. தமிழ் எழுத அறியாத பிள்ளையும் பாட்டி சொல்லும் கதையைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யலாம். எழுத அறிந்த பிள்ளை அதனை எழுத்தாக்கலாம். பெரியவர் பிழை திருத்தலாம். அக்கதை, உழைத்த மூவர் பெயரோடும் சங்கத்தின் தளத்தில் வெளிவருமாயின், அதனினும் சிறந்த விளம்பரம் வேறில்லை.

கருவிகளைக் கையாள்வதிலும் கவனம் வேண்டும். மின்னஞ்சலில் நாள், நேரம், இடம், செய்ய வேண்டிய பணி ஆகியவை தெளிவாக அமைதல் வேண்டும். விரும்பாதவர்க்கு மீண்டும் மீண்டும் அனுப்புதல் தகாது. பிறர் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் இசைவின்றி வெளியிடுதல் பெரும்பிழை. சென்ற ஆண்டு விழாவின் அறிவிப்பே முகப்பில் நிற்கும் இணையதளம், பூட்டிய வீட்டுக்கு ஒப்பாகும்.

சங்கத்தின் பெருமையைக் கூறும் மடல் படித்தவுடன் மறக்கப்படும். ‘இந்தப் பணிக்கு நீங்கள் வேண்டும்’ என்று கூறும் மடலே ஒருவரைச் சங்கத்தின் உறுப்பினராக்கும்.

சொல்லும் பொருளும்

படைவீடு – படைவீரர் தங்கும் இடம்
மெய்ப்பு – பிழை திருத்துவதற்குரிய படி
இடர்ப்பாடு – துன்பம்
இசைவு – சம்மதம்

பயிற்சி

1. மதுரைத் திட்டத்தின் மின்னூல் முகப்பில் இடம்பெறும் செய்திகள் யாவை? அவற்றால் விளையும் பயன் என்ன?
2. உ.வே. சாமிநாதையர் உதவி வேண்டிய முறையின் சிறப்பை விளக்குக.
3. ‘சங்கம் வளர விழாவே போதும்’ – இக்கருத்தை ஏற்றோ மறுத்தோ ஐந்து தொடர்களில் எழுதுக.
4. உங்கள் குடியிருப்பில் உள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு ஓர் அழைப்பு மின்னஞ்சல் எழுதுக. அதில் பிள்ளைகள் செய்யத்தக்க பணி ஒன்று இடம்பெறுதல் வேண்டும்.